1.3 போதுமா? கட்டுமானப் பாதுகாப்பை நிகழ்தகவு கொண்டு கணக்கிடும் முறை

இரண்டு மலைச்சரிவுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 30 பாகைச் சாய்வு. இரண்டிலும் 3 மீட்டர் ஆழத்தில், மேற்பரப்புக்கு இணையாகச் சறுக்குத்தளம். மண் சிலாங்கூரின் உலு கிள்ளானிலும் பினாங்கின் தஞ்சோங் பூங்காவிலும் தோண்டினால் வருகிற அதே கருங்கல் சிதைந்த மண்: எடை 19 கி.நி./மீ³, சராசரிப் பிணைப்பு 8 கி.பாஸ்கல், சராசரி உராய்வுக் கோணம் 33 பாகை. மழைக்காலத்தில் சறுக்குத்தளத்துக்கு மேல் 0.75 மீட்டர் நீர் நிற்கும் என்று வைத்தால் இரண்டுக்கும் பாதுகாப்புக் காரணி (தாங்குதிறனைச் சறுக்கவைக்கும் விசையால் வகுத்த எண்) 1.30 வருகிறது. வலுவூட்டாத சரிவுக்கு ஜே.கே.ஆர். (மலேசியப் பொதுப்பணித் துறை) கேட்கும் 1.3 இதுதான். இரண்டும் தேறிவிட்டன.

இப்போது அந்த எண்களின் சிதறலையும் சேர்த்துப் பாருங்கள். முதல் சரிவில் துளையிட்டது இரண்டே இடம், நீர்மட்டக் குழாய் கிடையாது. அதனால் பிணைப்பின் மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் ÷ சராசரி) 40%, உராய்வின் கெழு 10%, நீர்மட்டத்தின் திட்ட விலக்கம் 0.5 மீட்டர் என்று எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் ஆய்வு ஒழுங்காக நடந்திருக்கிறது, கிடைமட்ட வடிகால்களும் வேலை செய்கின்றன. மூன்று சிதறலும் அதில் பாதி. முதல் சரிவு தோற்கும் வாய்ப்பு சுமார் 5%. இரண்டாவதற்கு 0.07% கூட இல்லை. காரணி ஒன்றேதான், ஆபத்தில் எண்பது மடங்கு வித்தியாசம்.

நிகழ்தகவு முறை செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் கணக்குக்குள் கொண்டுவருகிறது. எக்செல் தெரிந்த எந்தப் பொறியாளரும் செய்யலாம். கடினம் கணக்கில் இல்லை, உள்ளே போடும் எண்களில் இருக்கிறது.

முதலில் தோல்வியை எழுதுங்கள்

கணக்கைத் தொடங்கும்முன் மூன்று வரி எழுதிக்கொள்ள வேண்டும். எது நடந்தால் தோல்வி என்கிறோம்? எத்தனை ஆண்டுக் காலத்துக்கு? தோற்றால் யாருக்கு என்ன ஆகும்? முதல் கேள்விக்கான பதிலை எல்லைச் சமன்பாடாக மாற்றுகிறோம்: தாங்குதிறன் கழித்தல் சுமை விளைவு. மிச்சம் சுழிக்குக் கீழே போனால் தோல்வி.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எழுதாமல் விட்ட தோல்வியை எந்த நிகழ்தகவும் கண்டுபிடித்துத் தராது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த சரிவு நகர்ந்து, தண்டவாளக் கம்பிகளால் ஆன அடித்தளத் தூண்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அவை செங்குத்துச் சுமைக்கானவை. அந்தக் கட்டடத்தின் பீம், தூண், தளம் என்று ஒவ்வொன்றாக நிகழ்தகவு கணக்கிட்டிருந்தாலும் விடை அழகாகத்தான் வந்திருக்கும். மலையடிவாரக் கட்டடம் என்றால் பட்டியலின் முதல் வரி மண்ணாக இருக்கட்டும்.

எடுத்துக்காட்டு: கடைவீட்டில் கோப்புக் கிடங்கு

முழுக் கணக்கையும் ஒரு கற்பனைக் கட்டடத்தில் போட்டுப் பார்ப்போம். பினாங்கில் 1980களின் இரண்டாம் பாதியில் கட்டிய மூன்று மாடிக் கடைவீடு. சுவருக்குச் சுவர் 6 மீட்டர். 3.5 மீட்டருக்கு ஒரு பீம், எளிய தாங்கல். அளவு 250 × 500 மி.மீ, திறன் ஆழம் (மேல்முகத்திலிருந்து அடிக்கம்பியின் மையம் வரை) 450. அடியில் நான்கு 20 மி.மீ முறுக்குக் கம்பி, 460 தரம். கான்கிரீட் தரம் 25. மேல்மாடி இதுவரை அலுவலகம், சுமை 2.5 கி.பாஸ்கல். வாடகைக்கு வருபவர் கோப்புகளை அடுக்கப்போகிறார். அதற்கு விதிமுறைச் சுமை 5 கி.பாஸ்கல்.

நிலைச்சுமை (கட்டடத்தின் சொந்த எடை) மீட்டருக்கு 17.5 கி.நி. என்றால் நடுவில் வளைவுத் திருப்பம் 78.8 கி.நி.மீ. அலுவலகச் சுமைக்கு 39.4, கிடங்குக்கு 78.8. அன்றைய பிரிட்டிஷ் கான்கிரீட் விதிமுறையான பி.எஸ். 8110 கணக்கில் தாங்குதிறன் 181 கி.நி.மீ. அலுவலகமாக இருந்தபோது தேவை 1.4 × 78.8 + 1.6 × 39.4 = 173; தேறியது. கிடங்கானால் தேவை 236; தேறாது. விதிமுறை இதோடு நின்றுவிடும். கட்டட உரிமையாளர் அடுத்துக் கேட்பது வேறு: “அப்போ எவ்ளோ வரைக்கும் வைக்கலாம்? பீமைப் பலப்படுத்தியே ஆகணுமா?”

எண்களை எங்கிருந்து எடுப்பது

விதிமுறை எண்ணை எடுக்காதீர்கள். உண்மையில் எதிர்பார்க்கும் சராசரியை எடுங்கள். இந்த முறைக்குப் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 460 என்பது கம்பியின் சராசரி வலிமை அல்ல, நூற்றில் ஐந்து கம்பி மட்டுமே அதற்குக் கீழே போகலாம் என்ற அடிமட்ட எண். சராசரி 510, திட்ட விலக்கம் 30 என்று வைத்தால் அந்த அடிமட்டம் சரியாக 460 வருகிறது. 460ஐயே சராசரியாகப் போட்டால் பாதுகாப்பை இரண்டு முறை கழித்தவராவீர்கள்.

கான்கிரீட்டுக்கு, கட்டடத்தில் இருக்கும் நிலையில் உருளை வலிமை 24 நி./மி.மீ², கெழு 18%. திறன் ஆழத்துக்கு விலக்கம் 10 மி.மீ, வார்க்கும்போது கம்பி மிதித்து இறங்குவது தெரிந்த கதைதான். கம்பிப் பரப்புக்கு 2%. சூத்திரமே கொஞ்சம் தப்பும் என்பதற்கு ‘மாதிரிப் பிழை’ என்று 6%. கடைசியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடை செயற்கையாக உயர்ந்துவிடுகிறது.

நிலைச்சுமையின் சராசரி வரைபடத்தில் இருப்பதைவிட 5% கூடுதல், கெழு 10%. தளம் கனத்துத்தான் வார்க்கப்படும். ஓட்டின் மேல் ஓடு ஒட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பயன்பாட்டுச் சுமைக்கு 50 ஆண்டின் உச்சத்தை எடுக்கிறோம்: சராசரி விதிமுறை எண்ணுக்குச் சமம், கெழு 25%.

கட்டடத்தில் போய் என்ன அளப்பது? கம்பி காட்டும் கருவியால் எண்ணிக்கையையும் மூடுகனத்தையும் பாருங்கள். ஆனால் கருவி சொல்லும் விட்டத்தை நம்பி விடாதீர்கள்; ஓர் இடத்திலாவது கான்கிரீட்டை உடைத்து வெர்னியரால் அளந்து, கம்பி முறுக்கா வழவழப்பா என்று கண்ணால் பாருங்கள். வழவழப்பான மென்கம்பி என்றால் 460 இல்லை, 250. முழுக் கணக்கும் மாறிவிடும். கடலோரக் கட்டடத்தில் உப்பும் ஏறியிருக்கும்: உடைத்த இடத்தில் பினாப்தலீன் தெளித்துக் கார்பனேற்ற ஆழத்தைப் பார்க்கலாம், துளைத்தூளில் குளோரைடு சோதிக்கலாம்.

மூன்று கோர் (துளைத்தெடுத்த கான்கிரீட் உருளை) எடுத்து அந்த மூன்றின் விலக்கத்தை அப்படியே கணக்கில் போடுவது இன்னொரு பிழை. மூன்று எண்ணிலிருந்து வரும் விலக்கத்துக்கு மதிப்பே இல்லை. தற்செயலாக மூன்றும் ஒட்டிவந்தால் 4% என்று காட்டும். கோரிலிருந்து சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிதறலுக்கு அனுபவத்தில் நிலைத்த கெழுவையே வையுங்கள்.

கையால் ஒரு தடவை

சராசரி எண்களில் கம்பியின் இழுவிசை 1257 மி.மீ² × 510 = 641 கி.நி. அழுத்தப் பகுதியின் ஆழம் 641 000 ÷ (0.85 × 24 × 250) = 126 மி.மீ. நெம்புகை (அழுத்தத்துக்கும் இழுவிசைக்கும் இடையிலுள்ள தூரம்) 450 − 63 = 387 மி.மீ. தாங்குதிறனின் சராசரி 248 கி.நி.மீ.

சிதறலைக் கூட்டும்போது ஒவ்வொரு எண்ணும் ஒரு சதவீதம் மாறினால் தாங்குதிறன் எத்தனை சதவீதம் மாறுகிறது என்று பார்த்து, அதை அந்த எண்ணின் கெழுவால் பெருக்குங்கள். கம்பி வலிமை 4.9%, மாதிரிப் பிழை 6%, கான்கிரீட் 2.9%, ஆழம் 2.6%, பரப்பு 1.7%. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 8.8%, அதாவது 22 கி.நி.மீ. கான்கிரீட்டின் 18% சிதறல் இங்கே 2.9% ஆகச் சுருங்கியதைக் கவனியுங்கள். குறைவாகக் கம்பியிட்ட பீமில் முதலில் இளகுவது கம்பி. கான்கிரீட் கொஞ்சம் மோசமானாலும் நெம்புகை சில மில்லிமீட்டர்தான் குறையும்.

நம்பகக் குறியீடு பீட்டா என்பது சராசரி மிச்சத்தை அதன் திட்ட விலக்கத்தால் வகுத்த எண். கிடங்குக்கு மிச்சம் 248 − 83 − 79 = 86 சொச்சம். விலக்கம் 22, 8.3, 19.7 மூன்றின் வர்க்கக் கூட்டு மூலம், 30.6. பீட்டா 2.8. தோல்வி வாய்ப்பு 0.0023.

இது முதல் மதிப்பீடு மட்டும். எல்லாமே இயல்நிலைப் பரவல் என்று வைத்ததால் இது நம்மை ஏமாற்றுகிறது. பயன்பாட்டுச் சுமையின் உச்சங்கள் அப்படிச் சமச்சீராகச் சிதறுவதில்லை. வலப்பக்க வால் நீளம். தோல்வி நடப்பது அந்த வாலில்.

சால்வரில் சரியான கணக்கு

இனி எக்செலின் சால்வர் கருவியைப் பயன்படுத்துவோம். தாங்குதிறனுக்கு லாக்நார்மல் (மடக்கை இயல்நிலையாக இருக்கும் பரவல்), நிலைச்சுமைக்கு இயல்நிலை, பயன்பாட்டுச் சுமைக்குக் கம்பல் பரவல் (உச்சங்களுக்கான, வலப்பக்க வால் நீண்ட பரவல்). எக்செலில் மூன்று கட்டங்களை ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு நியம இயல்நிலை எண் (சராசரி 0, விலக்கம் 1). அவற்றிலிருந்து உண்மையான அளவுகளை இப்படிப் பெறலாம்.

தாங்குதிறன்: 5.510 + 0.0882 × முதல் எண், அதன் அடுக்குக்குறிச் சார்பு.
நிலைச்சுமை: 82.7 + 8.3 × இரண்டாம் எண்.
பயன்பாட்டுச் சுமை: மூன்றாம் எண்ணுக்கு நார்ம்.எஸ்.டிஸ்ட் சார்பால் திரள் நிகழ்தகவு காணுங்கள். அதன் இயல் மடக்கை எடுத்து, குறி மாற்றி, மறுபடி இயல் மடக்கை எடுங்கள். அதை 15.4 ஆல் பெருக்கி 69.9 இலிருந்து கழியுங்கள்.

15.4 என்பது திட்ட விலக்கம் × 0.78. 69.9 என்பது சராசரியிலிருந்து 0.5772 × 15.4 கழித்தது.

நான்காவது கட்டத்தில் மூன்று எண்களின் வர்க்கக் கூட்டின் மூலம். ஐந்தாவதில் எல்லைச் சமன்பாடு. சால்வரிடம் நான்காவதைக் குறைக்கச் சொல்லுங்கள், ஐந்தாவது சுழியாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, சால்வர் பட்டியலில் இருக்கும் ஜி.ஆர்.ஜி. முறையில். மூன்று எண்களையும் சுழியில் தொடங்கக் கூடாது. அங்கே வர்க்கமூலத்துக்கு வகைக்கெழு கிடையாது, சால்வர் அசையாமல் நின்றுவிடும். தாங்குதிறனுக்கு −1, சுமைகளுக்கு +1 என்று தொடங்கினால் நொடியில் வரும். இரண்டு மூன்று வேறு தொடக்கங்களிலும் ஓட்டி அதே விடை வருகிறதா என்று பாருங்கள். “கட்டுப்பாடற்ற மாறிகளை எதிர்மறை இல்லாததாக்கு” (Make Unconstrained Variables Non-Negative) என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் எண் எதிர்மறையாகத்தான் வந்தாக வேண்டும்.

விடை பீட்டா 2.56. தோல்வி வாய்ப்பு 0.005ஐத் தாண்டுகிறது, கையால் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பரவலின் வடிவத்தை மாற்றியதற்கே இவ்வளவு.

இதே தாளில் அலுவலகச் சுமையைப் போட்டால் பீட்டா 4.6. அப்போது கட்டடம் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறது.

காசை எங்கே செலவழிப்பது

சால்வர் நிற்கும் புள்ளியில் தங்கம் இருக்கிறது. பலர் பீட்டாவை மட்டும் எழுதிக்கொண்டு தாளை மூடிவிடுகிறார்கள். அந்தப் புள்ளியில் தாங்குதிறன் 225, நிலைச்சுமை 86, பயன்பாட்டுச் சுமை 139 கி.நி.மீ. அதாவது இந்த பீம் தோற்றால், பெரும்பாலும் பீம் பலவீனமாக இருந்ததால் அல்ல, மாடியில் 8.8 கி.பாஸ்கல் ஏறியதால் தோற்கும்.

மூன்று எண்களின் வர்க்கத்தையும் பீட்டாவின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள்: தாங்குதிறன் 17%, நிலைச்சுமை 3%, பயன்பாட்டுச் சுமை 80%. இந்த மூன்று எண்ணுக்காகவே இந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம். இன்னும் பத்து கோர் எடுத்து ஆய்வகத்துக்கு ரிங்கிட் கட்டினால் 17 சதவீதத்துக்குள், அதிலும் கான்கிரீட்டுக்குரிய சின்னப் பங்கில்தான் கை வைக்கிறீர்கள். மாடியில் என்ன ஏறுகிறது என்பதைக் கட்டுப்படுத்தினால் 80 சதவீதத்தில்.

சுமையை இறக்கி இறக்கிச் சால்வரை ஓட்டுங்கள். 3.5 கி.பாஸ்கலில் பீட்டா 3.6. 3.3இல் 3.8. 3.0இல் 4.1.

எது போதும்?

மலேசியா ஏற்றுக்கொண்ட எம்.எஸ். இ.என். 1990இன் அடிப்படை நூலான யூரோகோடு (ஐரோப்பியக் கட்டுமான விதிமுறை), சாதாரணக் கட்டடங்களுக்கு 50 ஆண்டுக் காலத்தில் 3.8 என்கிறது, ஓர் ஆண்டுக்கு 4.7. கூட்டம் கூடும் அரங்குபோல் விளைவு பெரிதானால் 50 ஆண்டுக்கு 4.3. 3.8 என்றால் தோல்வி வாய்ப்பு சுமார் 14,000இல் 1. ஓராண்டு உச்சச் சுமையைப் போட்டு 50 ஆண்டு இலக்கோடு ஒப்பிடுவது அடிக்கடி காணும் குளறுபடி. காலம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இருக்கிற கட்டடத்துக்கு இலக்கைக் கொஞ்சம் இறக்கலாம் என்ற வாதத்துக்கு நியாயம் உண்டு. புதிதாகக் கட்டும்போது ஒரு கம்பி கூடப் போடுவது சில ரிங்கிட். கட்டிய பிறகு பீமைப் பலப்படுத்துவது வேறு விலை. ஐ.எஸ்.ஓ. 13822 என்ற சர்வதேசத் தரநூல் இருக்கிற கட்டடங்களுக்கென்றே எழுதப்பட்டது. ஆனால் இந்தக் கடைவீட்டில் சுமையைக் குறைப்பது ஒரு பலகை மாட்டுகிற செலவு. அப்படியிருக்க இலக்கை இறக்க முகாந்திரமே இல்லை. 3.3 கி.பாஸ்கல், பீட்டா 3.8.

துருவையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கம்பிப் பரப்பு 10% போனால் தாங்குதிறனின் சராசரி 227 ஆகிறது, அதே 3.3 கி.பாஸ்கலில் பீட்டா 3.3க்கு இறங்குகிறது. கேட்கச் சின்ன இறக்கம்போல் இருக்கும், ஆனால் தோல்வி வாய்ப்பு ஆறு மடங்கு. அதனால் பீட்டாவோடு “கம்பி இழப்பு இல்லை என்று உடைத்துப் பார்த்த நாள்” என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். உப்புக்காற்றில் துரு சீராக அரிக்காது. ஒரே இடத்தில் குழி விழும். சராசரி இழப்பு 5% என்றாலும் குழி விழுந்த இடத்தில் அது பல மடங்கு.

மான்டி கார்லோ: எப்போது, எவ்வளவு

எல்லைச் சமன்பாடு கோணல்மாணலாக இருந்தாலோ, பல தோல்வி வழிகள் சேர்ந்து வந்தாலோ, தற்செயல் எண்களைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் மான்டி கார்லோ முறை எளிது. ரேண்ட் சார்பின் விடையை நார்ம்.எஸ்.இன்வ் சார்புக்குள் கொடுத்தால் நியம இயல்நிலை எண் வரும். மேலே சொன்ன மூன்று மாற்றங்களும் அப்படியே பொருந்தும். வரிசை வரிசையாக நிரப்பி, மிச்சம் சுழிக்குக் கீழே போன வரிகளை எண்ணி மொத்தத்தால் வகுக்கவும்.

எத்தனை வரி? விடையின் சிதறல் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமானால் 100ஐத் தோல்வி வாய்ப்பால் வகுங்கள். 5 கி.பாஸ்கல் கிடங்குக்கு 18,000 வரி போதும். பீட்டா 3.8க்கு ஏறத்தாழ 14 லட்சம். எக்செல் தாளில் இருப்பதே 10,48,576 வரிதான். ஆயிரம் வரி ஓட்டி, ஒன்றும் தோற்கவில்லை, எனவே தோல்வி வாய்ப்பு சுழி என்று எழுதிய அறிக்கைகள் சுற்றுகின்றன. அதிலிருந்து தெரிவது வாய்ப்பு ஏறத்தாழ 0.003க்குக் கீழே என்பது மட்டும். சின்ன வாய்ப்புகளுக்குச் சால்வர் முறையே நல்லது, இல்லையென்றால் பைத்தானில் ஒரு கோடி வரி ஓட்டுங்கள். எக்செலில் ஒவ்வொரு தட்டலுக்கும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்; ஓட்டி முடித்ததும் மதிப்புகளாக ஒட்டிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் சரிபார்ப்பவருக்கு உங்கள் விடை ஒருநாளும் வராது.

மறுபடியும் மலைச்சரிவு

சரிவில் இதே கணக்கு வேறு இடங்களில் கடிக்கும். தொடக்கத்தில் பார்த்த முதல் சரிவின் 5% பிணைப்பும் உராய்வும் தனித்தனியாக மாறுகின்றன என்ற அனுமானத்தில் வந்தது. பல மண்களில் ஒன்று கூடினால் மற்றது குறையும். ஒரே சோதனைக் கோட்டின் வெட்டும் சாய்வும்தானே இரண்டும். ஒட்டுறவு −0.5 என்று வைத்தால் 5% ஏறத்தாழ 2% ஆகிறது. சோதனைத் தரவில் தெரியும் ஒட்டுறவை மட்டும் வையுங்கள். விடை பிடிக்கவில்லை என்பதற்காக −0.7 என்று போடக் கூடாது.

இரண்டாவது, ஒரு மாதிரிக் குழாயின் சிதறல் வேறு, முழுச் சறுக்குத்தளத்தின் சராசரியுடைய சிதறல் வேறு. 20 மீட்டர் நீளத் தளத்தில் பலவீனமான இடத்தைப் பலமான இடம் ஈடுகட்டும், அதனால் சிதறல் குறையும். ஆனால் சிதைந்த கருங்கல்லில் பழைய மூட்டு ஒன்று சரிவின் பக்கமே சாய்ந்து ஓடினால் இந்த ஈடுகட்டல் நடக்காது; தோல்வி அந்த மூட்டையே பிடித்துக்கொண்டு போகும். கம்பியை மண்ணில் அடித்து இறக்கிப் பார்க்கும் மெக்கிந்தாஷ் குத்துச் சோதனை எத்தனை போட்டாலும் அந்த மூட்டைக் காட்டாது. வெட்டிய முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நீர். இந்தச் சரிவில் நீர் சறுக்குத்தளத்துக்கு மேல் 2.3 மீட்டர் வரை ஏறினால் சராசரி மண்ணுக்கே காரணி 1 ஆகிவிடுகிறது. முழுதும் நனைந்தால் 0.87. நீர்மட்டத்துக்கு இயல்நிலைப் பரவல் போட்டால் சில வரிகளில் எதிர்மறை நீர் வரும், வால் மட்டும் குட்டையாகிவிடும். ஆண்டு உச்சத்துக்குக் கம்பல் அல்லது லாக்நார்மல் போடுங்கள். வடிகால் அடைத்துக்கொள்வதைத் தனி நிலையாக வையுங்கள்: அடைக்காமல் இருக்கும் வாய்ப்பு, அடைத்திருக்கும் வாய்ப்பு, இரண்டிலும் தனித்தனி நீர்மட்டப் பரவல். மலேசியச் சரிவுகளில் வடிகால் துவாரத்தில் இலையும் வேரும் இருப்பதைப் பார்த்த யாரும் அடைப்புக்குச் சின்ன எண் போட மாட்டார்கள்.

ஓராண்டு வாய்ப்பை 50ஆல் பெருக்கும் பழக்கத்தையும் சரிவில் விட்டுவிடுங்கள். மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும், மண் மாறாது. பலமான மண் என்றால் எல்லா ஆண்டும் பலம். அதனால் மண்ணை வரிக்கு ஒருமுறையும், நீரை அந்த வரிக்குள் 50 முறையும் எடுத்து ஓட்ட வேண்டும். இதில் ஒரு நல்ல பயனும் உண்டு. சரிவு 30 ஆண்டு நின்றிருக்கிறது, அதற்குள் பெய்த பெருமழையில் நீர் எங்கே ஏறியது என்ற பதிவு இருக்கிறது என்றால், அந்த நீரில் தோற்றிருக்க வேண்டிய மண் வரிகளை நீக்கிவிடுங்கள். அந்த மண் இங்கே இல்லை என்று சரிவே சொல்லிவிட்டது. மிச்ச வரிகளில் இனிவரும் மழையை ஓட்டுங்கள். ஆனால் மேலே யாராவது புதிதாக மண் கொட்டியிருந்தால், சரிவின் அடியை வெட்டியிருந்தால், குழாய் உடைந்து ஒழுகினால் அந்தச் சாட்சி செல்லாது.

அறிக்கையில்

இந்தக் கணக்கை விதிமுறைக் கணக்குக்கு மாற்றாக வைக்காதீர்கள், கூடவே வையுங்கள். கையெழுத்து பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளருடையது. அலுவலகத்தைக் கிடங்காக்க மாநகராட்சியின் அனுமதி தனி. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே சராசரி, கெழு, பரவல், எங்கிருந்து வந்தது என்ற நான்கும் இருக்கட்டும். ‘அளந்தது’, ‘விதிமுறையிலிருந்து’, ‘பொறியாளர் கணிப்பு’ என்று மூன்று வகை போதும். கணிப்பு என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அளந்ததாகக் காட்டுவதுதான் தவறு. வரும் வாய்ப்பில் வரைபடத்தைத் தப்பாகப் படித்தது, கம்பியே போடாமல் விட்டது, சுவரை இடித்தது போன்ற மனிதப் பிழைகள் அடங்கவில்லை என்றும் ஒரு வரி.

மாடியில் மாட்டும் பலகையில் 3.3 கி.பாஸ்கல் என்று எழுதினால் கோப்பு அடுக்குபவருக்கு ஒன்றும் புரியாது. பெட்டிக் கணக்கில் எழுதுங்கள். 80 கிராம் ஏ4 தாள் ஒரு ரீம் 2.5 கிலோ, ஐந்து ரீம் பெட்டி 12.5 கிலோ. அதன் அடிப்பரப்பில் சதுர மீட்டருக்கு 200 கிலோ. 3.3 கி.பாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு 336 கிலோ. ஆகவே மூன்று பெட்டிக்கு மேல் அடுக்கக் கூடாது, தரையில் 45 சதவீதமாவது நடைபாதையாகக் காலியாக இருக்க வேண்டும். ஒரு பீம் தாங்கும் 21 சதுர மீட்டருக்கு மொத்தம் 560 பெட்டி. சால்வர் காட்டிய 8.8 கி.பாஸ்கல் என்பது சுவருக்குச் சுவர், நடைபாதையே இல்லாமல், நாலரைப் பெட்டி உயரம். இடம் போதாத கிடங்கில் அந்த உயரம் வர அதிக நாள் ஆகாது. தரையில் மஞ்சள் கோடு போட்டு நடைபாதையைப் பிரித்துவிடுங்கள், சுவரில் மூன்றாவது பெட்டியின் உயரத்தில் சிவப்புக் கோடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் எண்ணிப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.